நாலு தம்முக்கு எதுக்கு நிக்கோட்டின் கம்? மூணு மாசம் யூஸ் பண்ணதுக்கு அப்புறம் எழுதுற ரிவ்யூ

மெடிக்கல் ஷாப்ல போய் நிக்கோட்டின் கம் (சிகரெட்ட விட உதவுற சூயிங்கம்), 2 மில்லிகிராம், ஒரு ஸ்ட்ரிப் குடுங்கண்ணான்னு கேட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட் தம்பின்னு கேட்டாரு. பாக்கெட்லாம் இல்லண்ணா, நாலு, சில நாள் மூணுன்னேன். கையில எடுத்த ஸ்ட்ரிப்ப டிராயர்லயே திரும்ப வச்சிட்டு, நாலுக்கெல்லாம் எதுக்குப்பா இது, அப்டியே விட்ர வேண்டியதுதானே, வேணும்னா ஒரு ஹால்ஸ் வாயில போட்டுக்கோன்னாரு. அக்கறையாதான் சொன்னாரு, அவர் மேல எனக்கு கோவம் இல்ல. ஆனா இதே வார்த்தைய ஏழு வருஷமா நான் எனக்கே சொல்லிட்டு இருந்தேன், ஆபீஸ் பசங்க சொன்னாங்க, ஒரு தடவ மாஸ்டர் செக்கப் போனப்ப ஃபார்ம்ல "ஸ்மோக்கிங்"ன்னு இருந்த இடத்துல நானே "இல்ல"ன்னு டிக் அடிச்சிட்டு வந்தேன். அதனாலதான் இத இவ்ளோ நீளமா எழுதறேன், கம் எப்டி இருக்குன்னு மட்டும் தெரியணும்னா பாதிக்கு மேல போய்டுங்க.

எனக்கு 33 வயசு. கிண்டி எஸ்டேட்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில அக்கவுண்ட்ஸ். என்னோட கணக்கு இதுதான்: காலைல ஆபீஸ் போறதுக்கு முன்னாடி டீயோட ஒண்ணு, மதியம் சாப்ட்ட பிறகு ஒண்ணு, சாயந்திரம் டீ பிரேக்ல பசங்களோட ஒண்ணு, வீட்டுக்குக் கிளம்பும்போது பைக்க ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு. பாக்கெட் வாங்கினதே கிடையாது, எப்பவும் லூஸ்தான், பெட்டிக்கடைல நூல்ல கட்டித் தொங்குற லைட்டர்ல பத்த வச்சிட்டுப் போய்டுவேன். ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்தா ஒண்ணு கூட இல்ல. ஞாயித்துக்கிழமை அடிக்காம இருக்க முடியுதே, அப்ப நான் அடிக்ட் இல்லன்னு ஒரு முடிவு.

போன வருஷம் என் மாமாவுக்கு அட்டாக் வந்துச்சு. அம்மாவோட தம்பி, 47 வயசு. அவர் ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டுதான், மதியம் ஒண்ணு ராத்திரி ஒண்ணு, அதுவும் மொட்ட மாடில. ஸ்டென்ட் வச்சு டிஸ்சார்ஜ் பண்ணும்போது சம்மரில ஸ்மோக்கர்னு எழுதியிருந்தாங்க. மாமா அத படிச்சிட்டு, நான் ஸ்மோக்கர் இல்லயே, ரெண்டுதானே, இத மாத்தி எழுதித் தரச் சொல்லுன்னு எங்கிட்ட சொல்றாரு. நான் போய் கேட்டேன். அங்க இருந்த ஜூனியர் டாக்டர் பொண்ணு, இதயத்தப் பொறுத்தவரை ரெண்டுன்னா, இருபது அடிக்கிறவங்களோட ஆபத்துல பத்துல ஒரு பங்கு இல்ல சார், கிட்டத்தட்ட பாதிக்குப் பக்கத்துல வருதுன்னு சொன்னாங்க. எனக்குப் புரியல. ரெண்டு எப்டி இருபதுல பாதி ஆகும்? மாமாவுக்கு சுகரும் இருக்கு, அதனால சிகரெட் மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல வரல. ஆனா அந்த கணக்கு மண்டைக்குள்ளயே சுத்திட்டு இருந்துச்சு, வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படிச்சேன்.

படிச்சதுல என்ன ரொம்ப உலுக்கினது 2018ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்த ஒரு பேப்பர். 141 ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாத்திருக்காங்க. ஒரு நாளைக்கு 20 அடிக்கிற ஆம்பளைக்கு இதய நோய் ஆபத்து எவ்ளோ கூடுதோ, அதுல 46 சதவீதம் ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணு அடிக்கிறவனுக்கே வந்துடுது. பக்கவாதத்துக்கு 41 சதவீதம். பொம்பளைங்களுக்கு 31, 34. நாம நெனைக்கிற கணக்குப்படி ஒண்ணுங்கறது இருபதுல 5 சதவீதம்தானே இருக்கணும்? அப்டி இல்ல. ஒண்ணே ஒண்ணு அடிக்கிற ஆம்பளைக்கு, அடிக்காதவன விட இதய நோய் ஆபத்து 48 சதவீதம் அதிகம்.

அடுத்தது நார்வேல பண்ணது, 2005ல வெளிவந்துச்சு. 1970கள் நடுவுல 35லேருந்து 49 வயசுக்குள்ள இருந்த கிட்டத்தட்ட 43,000 பேர செக்கப் பண்ணி 2002 வரைக்கும் ஃபாலோ பண்ணியிருக்காங்க. ஒரு நாளைக்கு ஒண்ணுலேருந்து நாலு, அப்டியே என் கேட்டகிரி. அந்த குரூப்ல இதய நோயால செத்தவங்க, அடிக்காதவங்கள விட கிட்டத்தட்ட மூணு மடங்கு. நுரையீரல் புத்துநோய்ல ஆம்பளைங்களுக்கு மூணு மடங்குக்குப் பக்கம், பொம்பளைங்களுக்கு அஞ்சு மடங்கு. இத ஆபீஸ் டெஸ்க்ல உக்காந்து போன்ல படிச்சேன், நாலு மணி டீக்குப் பசங்க கூப்ட வந்தாங்க, எழுந்திருக்கவே தோணல.

ஏன் இப்டின்னா, ரத்தக் குழாயோட உள்சுவர்ல மெல்லிசா ஒரு படலம் இருக்கு, குழாய் விரியறது சுருங்கறதெல்லாம் அதோட வேல. புகை உள்ள போனதும் அது ஒழுங்கா வேல செய்யாது, ரத்தத்துல இருக்கிற தட்டணுக்கள் ஒட்டுற மாதிரி ஆயிடும், ரத்தம் உறைஞ்சு கட்டி சேரும். இந்த மாதிரி விஷயம்லாம் ரொம்பக் கொஞ்சம் புகைக்கே நடந்துடுது, அதுக்கு மேல எவ்ளோ அடிச்சாலும் அதே வேகத்துல ஏறிட்டே போறதில்ல. அதாவது முதல் சிகரெட்லதான் பெரிய தாவல். இத நம்ப கஷ்டமா இருந்தா இப்டி யோசிங்க: பக்கத்துல ஒருத்தர் அடிக்கிற புகைய வீட்லயோ ஆபீஸ்லயோ தொடர்ந்து சுவாசிக்கிறவங்களுக்கே இதய நோய் ஆபத்து 25லேருந்து 30 சதவீதம் கூடுதுன்னு 2006லயே அமெரிக்க சர்ஜன் ஜெனரல் ரிப்போர்ட் சொல்லிடுச்சு. சும்மா பக்கத்துல இருக்கிறவங்களுக்கே அவ்ளோன்னா, நேரா நெஞ்சுக்குள்ள இழுக்கிற நாலு எப்டி ஒண்ணுமே இல்லாமப் போகும்?

புத்துநோய் கணக்கு வேற மாதிரி. அதுல எண்ணிக்கையும் முக்கியம்தான், ஆனா எத்தனை வருஷமா அடிக்கிறோம்ங்கறது அத விட முக்கியம். நாலு நாலா இருபது வருஷம் இழுக்கிறவனுக்கு அந்த இருபது வருஷம்தான் வேலையக் காட்டும். அமெரிக்கால 60, 70 வயசுக்காரங்க 2,90,000 பேர வச்சுப் பாத்த ஒரு ஆய்வு 2017ல வந்துச்சு, அதுல வாழ்நாள் பூரா ஒரு நாளைக்கு சராசரியா ஒண்ணு கூட அடிக்காதவங்க, அதாவது வாரத்துக்கு மூணு நாலு மட்டும் அடிக்கிற வீக்கெண்ட் பார்ட்டிங்க, அவங்களுக்கே சீக்கிரம் சாகுற ஆபத்து 64 சதவீதம் அதிகம். லைட்ஸ் அடிச்சா பரவால்லன்னு சொல்றவங்களுக்கு: ஃபில்டர்ல பொடிப் பொடியா காத்து ஓட்டை இருக்கும், மெஷின்ல டெஸ்ட் பண்ணா தார் கம்மியா காட்டும், மனுஷன் விரல்ல அந்த ஓட்டைய மூடிட்டு ஆழமா இழுத்துடுவான், அவ்ளோதான் வித்தியாசம்.

சரி, கொஞ்ச நாள்தான் அடிச்சேன், எப்ப வேணா விட்ருவேன்னு சொல்றவங்க. என் டீம்ல ஒரு பையன் இருக்கான், 23 வயசு, வேலைக்கு சேந்து எட்டு மாசம் ஆகுது, சேரும்போது அடிக்க மாட்டான், இப்ப சாயந்திரம் எங்களோட ஒண்ணு. அவனுக்கு முதல் சிகரெட் குடுத்தவங்கள்ல நானும் ஒருத்தன், அது எனக்கு இன்னும் உறுத்துது. ஒரே ஒரு தடவ ட்ரை பண்றவங்கள்ல மூணுல ரெண்டு பேர் கொஞ்ச காலத்துக்காவது டெய்லி அடிக்கிற நிலைமைக்குப் போறாங்கன்னு 2018ல லண்டன் குயின் மேரி யூனிவர்சிட்டி ஆளுங்க கணக்குப் போட்டிருக்காங்க. கொஞ்ச நாள்ங்கறது நாம வச்ச தேதில முடியறதில்ல, நானும் ஆடிட் சீசன் முடிஞ்சதும் விட்ருவேன்னுதான் ஆரம்பிச்சேன், ஏழு சீசன் போய்டுச்சு. ஆனா சீக்கிரம் விட்டா கெடைக்கிற பலன் ரொம்பப் பெருசு. 2013ல வந்த பெரிய அமெரிக்க ஆய்வுல, 25லேருந்து 34 வயசுக்குள்ள விட்டவங்களுக்கு, விடாதவங்கள விட 10 வருஷ ஆயுள் திரும்பக் கெடைக்குது, 35லேருந்து 44க்குள்ள விட்டா 9 வருஷம். நான் 33. அந்த முதல் வரிசைல நிக்கிறதுக்கு எனக்கு இன்னும் ஒண்ணரை வருஷம்தான் இருந்துச்சு, அதுக்காகத்தான் மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன்.

இப்ப கம். முதல் கடைல குடுக்கலன்னு ரெண்டாவது கடைல எதுவும் பேசாம வாங்கினேன். 2 மில்லிகிராம்க்கு சீட்டு கேக்க மாட்டாங்க, 4 மில்லிகிராம்க்கு டாக்டர் சீட்டு வேணும். ஒரு கம் விலை, நான் அடிச்சிட்டு இருந்த கிங்ஸ் விலைய விட கம்மிதான். பிராண்ட் பேர் சொல்லல, ரெண்டு மூணு கம்பெனி மாத்தி மாத்தி வாங்கினேன், உள்ள இருக்கிறது ஒண்ணுதான், ஃபிளேவர்தான் வேற. புதினா ஓகே. பழ ஃபிளேவர் ஒண்ணு வாங்கினேன், எனக்குப் பிடிக்கல. ஜவ்வாதும் ஏலக்காயும் கலந்த மாதிரி பான் ஃபிளேவர் கூட இருக்கு, வெத்தல போடுற பழக்கம் இருக்கிறவங்களுக்கு அது செட் ஆகலாம்.

முதல் நாள் நான் பண்ண தப்ப எல்லாரும் பண்ணுவாங்கன்னு நெனைக்கிறேன். சாதா சூயிங்கம் மாதிரி மென்னு தள்ளிட்டேன். ரெண்டே நிமிஷத்துல தொண்ட எரிச்சல், விக்கல், வயித்துக்குள்ள ஒரு மாதிரி. இதெல்லாம் வேலைக்காகாதுன்னு துப்பிட்டேன். அப்புறம்தான் அட்டைக்குள்ள இருந்த பேப்பர ஒழுங்காப் படிச்சேன். மெதுவா மெல்லணும், நாக்குல மிளகு கடிச்ச மாதிரி சுள்ளுன்னு ஒரு காரம் வரும், வந்ததும் மெல்றத நிறுத்தி கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வச்சிடணும், காரம் கொறைஞ்சதும் திரும்ப ரெண்டு மெல்லு, அடுத்த பக்கம் ஒதுக்கு. இப்டியே அரை மணி நேரம். நிக்கோட்டின் வாய்ச் சதை வழியாத்தான் ரத்தத்துல ஏறணும், எச்சிலோட முழுங்கினா வயித்துக்குப் போய் எரிச்சல்தான் மிச்சம். ஊர்ல தாத்தா பொகையிலைய கன்னத்துல அதக்கி வச்சிருப்பாரு, அந்த அதக்கல்தான் இதுவும், ஆனா இதுல பொகையிலை கெடையாது, புகை கெடையாது, கார்பன் மோனாக்ஸைடு கெடையாது, தார் கெடையாது. இந்த ஐடியாவே ஸ்வீடன்ல 1967ல சப்மரீன் ஆளுங்கள பாத்து வந்துச்சாம், உள்ள பத்த வைக்க முடியாததால அவங்க வாயில அதக்குற பொகையிலைக்கு மாறினதப் பாத்துதான் இத செஞ்சிருக்காங்க.

ரெண்டாவது தப்பு டீயோட போட்டது. டீ காபி கூல்ட்ரிங்க் ஜூஸ் எது குடிச்சாலும் கால் மணி நேரம் கழிச்சுதான் கம் போடணும், கம் வாயில இருக்கும்போதும் குடிக்கக் கூடாது, வாயில புளிப்புத்தன்மை ஏறினா நிக்கோட்டின் உறிஞ்சாது. இதுதான் என்ன மாதிரி ஆளுக்குப் பெரிய சிக்கல். என் நாலுல ரெண்டு டீயோட ஒட்டினது. டீ கையில இருக்கிற அந்த நேரத்துலதான் கை தேடும், அப்பதான் கம் போட முடியாது. இன்னொண்ணு, சிகரெட் இழுத்தா பத்து இருபது செகண்ட்ல மூளைக்குப் போய்டும், கம் மெதுவா ஏறும், உச்சத்துக்குப் போக கிட்டத்தட்ட அரை மணி ஆகும். ஆசை வந்ததுக்கு அப்புறம் போட்டா லேட். ஆறு மணிக்குக் கிளம்பறேன்னா அஞ்சரைக்கே போட்டுடணும். இது புரியறதுக்கே எனக்கு பத்து நாள் ஆச்சு, புரிஞ்சதுக்கு அப்புறம் மதியம் சாப்ட்டதும் அடிக்கிறதும் சாயந்திரம் பைக் பக்கத்துல அடிக்கிறதும் சுலபமா போய்டுச்சு. மிச்சம் ரெண்டும் போகல. தாட வலி கொஞ்ச நாள் இருந்துச்சு, அப்புறம் பழகிடுச்சு.

போகாத அந்த ரெண்டுக்காகத்தான் குவிட்லைனுக்கு, அதாவது சிகரெட்ட விட உதவுற போன் சேவைக்கு, போன் பண்ணேன். 1800-11-2356. சிகரெட் அட்டைல படத்துக்குப் பக்கத்துல இந்த நம்பர் 2018 செப்டம்பர்லேருந்து இருக்கு, லூஸ்ல வாங்கறதால நான் அத கவனிச்சதே இல்ல, லூஸ்ல வாங்கறவங்க யாருமே அந்தப் படத்தையும் நம்பரையும் பாக்கறதில்லங்கறது பெரிய விஷயம். டெல்லில வல்லபாய் படேல் செஸ்ட் இன்ஸ்டிடியூட்ல 2016ல ஆரம்பிச்சாங்க, அப்புறம் 2018ல பெங்களூரு நிம்ஹான்ஸ், மும்பை டாடா மெமோரியல், குவாஹாத்தின்னு விரிவாச்சு, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. நான் பேசும்போதே முதல்லயே சொல்லிட்டேன், மேடம் நான் நாலுதான் அடிக்கிறேன், உங்க டைம வேஸ்ட் பண்றேனோன்னு தெரியலன்னு. மெடிக்கல் ஷாப்காரர் மாதிரி சொல்லிடுவாங்களோன்னு ஒரு தயக்கம். அவங்க அதக் கண்டுக்கவே இல்ல, நாலும் எந்த எந்த நேரம், யாரோட, எந்திரிச்சதும் எவ்ளோ நேரத்துல முதல் சிகரெட், எல்லாத்தையும் வரிசையா கேட்டாங்க. பேசி முடிக்கும்போது எனக்கே தெளிவாயிடுச்சு, காலைலயும் நாலு மணிக்கும் எனக்கு நிக்கோட்டின் பசிய விட அந்த இடமும் ஆளுங்களும்தான் பிரச்சனை. நிக்கோட்டின் ரத்தத்துல ரெண்டு மணி நேரத்துல பாதியா கொறைஞ்சுடும், மூணு நாலு மணி நேர இடைவெளில அடிக்கிற எனக்கு உடம்பு கேக்குறது கம்மி, பழக்கம் கேக்குறது ஜாஸ்தி. ஞாயித்துக்கிழமை ஏன் அடிக்காம இருக்க முடிஞ்சுதுன்னும் அப்பதான் புரிஞ்சுது, வீட்ல டீக்கடை இல்ல, பசங்க இல்ல, லைட்டர் தொங்கல.

ஒரு தேதி குறிக்கச் சொன்னாங்க, குறிச்சேன். அதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியும், அந்த வாரத்துலயும், அப்புறம் கேப் விட்டு கேப் விட்டும் அவங்களே கூப்பிட்டாங்க. இது நான் எதிர்பாக்காதது. நான் செஞ்ச மாத்தம்லாம் சின்னதுதான்: காலை டீய வீட்லயே குடிச்சிட்டு வேற ரூட்ல ஆபீஸ் போனேன், நாலு மணிக்கு டீ கிளாஸ எடுத்துட்டு கடைக்கு உள்ள பெஞ்சுல உக்காந்துட்டேன், வெளிய பசங்க நிக்கிற மரத்தடிக்குப் போகல. முதல் வாரம் பசங்க என்னடா உள்ள உக்காந்துட்டன்னாங்க, மூணாவது வாரம் அந்த 23 வயசுப் பையனும் உள்ள வந்து உக்காந்தான். நடுவுல ஒரு நாள், ஜிஎஸ்டி ஃபைலிங் கடைசி நாள், ஒண்ணு அடிச்சிட்டேன். அடுத்த கால்ல சொன்னேன், திட்டல, எந்த நேரம் என்ன நடந்துச்சுன்னு கேட்டுட்டு அதுக்கு ஒரு வழி பேசினாங்க. அது மார்ச் மாசம். அதுக்கப்புறம் இல்ல.

கம்முக்கு 5க்கு 3 குடுப்பேன். கொறை கம்மோடது இல்ல, எழுந்ததும் அரை மணிக்குள்ள முதல் சிகரெட் தேடுறவங்களுக்கும் ஒரு நாளைக்கு பத்துக்கு மேல அடிக்கிறவங்களுக்கும் இது இன்னும் நல்லா வேல செய்யும், பெரும்பாலான ஆய்வும் அவங்கள வச்சுத்தான் நடந்திருக்கு, உலக சுகாதார நிறுவனத்தோட அத்தியாவசிய மருந்து பட்டியல்லயே 2009லேருந்து இது இருக்கு. என்ன மாதிரி ஆளுக்கு இது பாதி வேலைதான் செய்யும். குவிட்லைனுக்கு 5க்கு 5. கர்ப்பமா இருக்கிறவங்க, சமீபத்துல அட்டாக் வந்தவங்க டாக்டர கேக்காம கம் வாங்காதீங்க, 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு வேண்டாம், பல் செட் போட்டவங்களுக்கு ஒட்டும், குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க, மிட்டாய்னு நெனச்சு வாயில போட்டா ஆபத்து. வேப் (இ-சிகரெட்) வாங்கிக்கோன்னு ஒருத்தர் சொன்னாரு, இந்தியால 2019லேருந்து அது விக்கிறதே தடை, நான் அந்தப் பக்கமே போகல.

போன ஞாயித்துக்கிழமை மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். ஸ்டென்ட் வச்சு ரெண்டு மாசம் விட்டவரு திரும்ப ஆரம்பிச்சிட்டாருன்னு அத்தை சொல்லி அழுதாங்க. ஒண்ணே ஒண்ணுதான்டா, ராத்திரி மட்டும்னு மாமா சொல்றாரு. நான் வாக்குவாதம் பண்ணல, அந்த 46 சதவீதக் கணக்க மட்டும் எழுதிக் காட்டினேன், ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தாரு. அப்புறம் என் போன்லயே நம்பர் போட்டுக் குடுத்தேன், மாடிக்கு எடுத்துட்டுப் போய் இருபது நிமிஷம் பேசினாரு. வர்ற வியாழக்கிழமைய குறிச்சிருக்காரு. அவருக்கு கம் குடுக்கலாமான்னு கார்டியாலஜிஸ்ட்கிட்ட கேக்கணும், திங்கக்கிழமை ஓபிக்கு லீவு போட்டுட்டு நான் கூடப் போறேன், அங்க என்ன சொன்னாங்கன்னு வந்து இதுலயே சேக்கறேன்.